சின்னராசு கொண்டுவந்த தீர்மானம்

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு நான்கு பிள்ளைகள் தன் வாணலியையே பார்த்துக்கொண்டிருப்பது சின்னராசுவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பார்த்தால் வந்து வாங்கித் தின்ன வேண்டும். பள்ளிக்கூட வாசலில் பஜ்ஜிக் கடை போட்ட நாளிலிருந்து அவர் கண்ட வழக்கம் அதுதான். இவர்களோ பார்க்கிறார்கள், தங்களுக்குள் குசுகுசுக்கிறார்கள், மறுபடியும் பார்க்கிறார்கள். நேற்றும் இதே கதை. சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் மாட்டின் பல்லைப் பார்ப்பானே, அந்த மாதிரிப் பார்வை.

"அதுங்க இன்னா அப்படிப் பாக்குதுங்க?" என்று பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த தங்கமணியைக் கேட்டார்.

தங்கமணிக்கு ஊரில் நடந்ததும் தெரியும், நடக்காததும் தெரியும். டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே விவரம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் 'நல்ல தீனி மன்றம்' என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம். பதினோராம் வகுப்பு செவ்வந்திதான் தலைவி. பிள்ளைகள் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றி எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று காந்தி ஜெயந்தி கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம்.

"உன் கடைதான் கேட்டுக்கு நேரா இருக்குது," என்று முடித்த தங்கமணி, தண்ணீருக்குள் குமிழி விட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினார். "தோ, இங்கதான் ஓட்டை."

சின்னராசு தன் வாணலியைத் திரும்பிப் பார்த்தார். கச்சிராயபாளையத்துப் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டி, உடம்பெல்லாம் காய்ந்த சோகை இலை கிழித்துக் கிடந்த காலத்தில், மனைவி அம்சவள்ளி சொன்ன யோசனையில் போட்ட கடை இது. வெயிலில் நின்ற இரண்டு பேரையும் நிழலுக்குக் கொண்டுவந்தது இந்த வாணலிதான். இதையும் கவிழ்த்துவிட்டால் மறுபடியும் கரும்புக்காடுதான்.

பிள்ளைகளைக் கையில் போட்டுக்கொள்வதுதான் வழி என்று அவருக்குப் பட்டது. மறுநாள் மன்றக் கூட்டம் நடக்கும் நேரம் பார்த்து, சூடான பஜ்ஜிகளைப் பொட்டலம் கட்டி ஒரு பையனிடம் அனுப்பிவைத்தார். 'அண்ணனோட அன்பளிப்பு' என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. அவரும் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் உள்ளே போனவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். பஜ்ஜியை வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தி, தாளைக் குத்திவைத்திருந்தார்கள். கோமுகி அணையை மேலிருந்து பார்த்தது போல எண்ணெய் அதில் பரந்து விரிந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'சின்னராசு அண்ணன் கடை பஜ்ஜி'. பக்கத்தில் வேறு என்னென்னவோ தின்பண்டங்களின் பெயரோடு இன்னும் சில தாள்கள் இருந்தன. அதையெல்லாம் நின்று ஒப்பிட்டுப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அம்சவள்ளி போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

அடுத்ததாக அவருக்கு வந்த யோசனை, பண்டத்தையே ஆரோக்கியமாக்கிவிடுவது. கல்வராயன் மலையில் சாமை விளைகிறது, சாமை தின்றால் சர்க்கரை வியாதி கிட்ட வராது என்று ஊரே பேசுகிறது. வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். மலையில் சாமை விற்ற அம்மாள், எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், எப்படி அரைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னராசுவின் கண் முழுக்கப் புறப்படத் தயாராக இருந்த பஸ்ஸின் மீது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மூட்டையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

மறுநாள் 'ஆரோக்கிய சாமை போண்டா' என்று பலகை தொங்கியது. முதல் ஈடு எண்ணெயிலிருந்து வந்தது. அம்சவள்ளி ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள். நங் என்று சத்தம் கேட்டது.

"இத வச்சி செவுரு கட்டலாங்க," என்றாள். "திங்க முடியாது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வார்டு மெம்பர் ஆதிமூலம் வந்துவிட்டார். பலகையைப் படித்தார். ஆரோக்கியம் என்றால் முதலில் தனக்குத்தான் என்பது போல ஒரு போண்டாவை எடுத்து ஓங்கிக் கடித்தார். பிறகு அப்படியே நின்றார். போண்டாவை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அவருடைய முன்பல் அதில் பதிந்திருந்தது.

சின்னராசு மன்னிப்புக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், பல்லைக் கழுவிக் காகிதத்தில் மடித்தும் கொடுத்தார். ஆதிமூலம் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தார். நல்ல தீனி மன்றத்துக்குத் தன்னுடைய முழு ஆதரவையும் தெரிவித்துவிட்டு, தீர்மானத்தை வழிமொழியப் போவதும் தானே என்று சொல்லிவிட்டு வந்தார்.

இனி வெளியே நின்று ஒன்றும் ஆகாது, உள்ளே புகுந்துவிட வேண்டியதுதான் என்று சின்னராசு முடிவுக்கு வந்தார். கூட இருந்தால் பேசிப் பேசியே பிள்ளைகளின் மனத்தைக் கரைத்துவிடலாம். மன்றம் கூடிய அன்று, வேட்டியை மாற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வகுப்பறை வாசலில் போய் நின்றார்.

பிள்ளைகள் சடாரென்று எழுந்தார்கள். செவ்வந்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கண்ணா. நாங்களே உங்களப் பாத்து ஒண்ணு கேக்கணும்னு இருந்தோம். எப்படிக் கேக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சி."

கூச்சம் இருக்காதா பின்னே? ஒருவனை வாசலை விட்டு எழுப்புவதென்றால் வளர்ந்தவர்களுக்கே கூச்சமாக இருக்கும். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்கத் தெம்பில்லாமல் சின்னராசு கையை உயர்த்தினார்.

"நீ கேக்கவே வேணாம்மா. எனக்கு எல்லாம் தெரியும். நானும் உங்க பக்கம்தான்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். மன்றத்துக்குப் பெரியவர் ஒருவர் ஆலோசகராக இருக்க வேண்டுமென்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தாராம். அந்த இடத்திலேயே அவரை ஆலோசகராக்கிவிட்டார்கள். கைதட்டல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதுவரை அவர் எதற்கும் கைதட்டு வாங்கியதில்லை. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, பாக்கெட்டுத் தீனி மட்டுமா கெடுதல், எண்ணெய்ப் பண்டமும் விஷம்தான், அது தன் கடையாகவே இருந்தாலும் விட்டுவைக்கக் கூடாது என்று முழங்கிவிட்டார்.

 ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதுவரை பாக்கெட்டுத் தீனியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்த தட்டிகளில் அன்று சாயங்காலமே எண்ணெயும் சேர்ந்துகொண்டது. மரியாதைக்காக இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தார்கள் போல என்று சின்னராசு நினைத்துக்கொண்டார்.

ஆலோசகர் என்றால் மன்றத்தின் பிரச்சார ஊர்வலத்தில் முன்னால் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஊர்வலம் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தார். ஆதிமூலம் குறுக்கே புகுந்து கூட்டத்தைப் பஜ்ஜிக் கடைப் பக்கம் திருப்பிவிட்டார்.

கடையில் அம்சவள்ளி கையில் ஜல்லிக்கரண்டியோடு நின்றிருந்தாள்.

"எண்ணெய்ப் பண்டம்," என்றார் சின்னராசு மைக்கில். 

"வேண்டாம், வேண்டாம்," என்றது கூட்டம்.

"வாசல் கடை," என்றார்.

"வேண்டாம், வேண்டாம்."

அம்சவள்ளி முழுவதையும் கேட்டாள். எண்ணெயில் கிடந்த பஜ்ஜியை நிதானமாகத் திருப்பிப் போட்டாள். பிறகு தங்கமணியின் பக்கம் திரும்பி, "மைக்கப் புடிச்சிக்கினு போறாரே, அவரு யாரு வூட்டு ஆம்பளைங்கண்ணே?" என்று கேட்டாள்.

அன்று வீட்டில் சோறு இருந்தது, குழம்பு இல்லை. எண்ணெய் இல்லாமல் தாளிக்கிற வித்தை தனக்குத் தெரியாது என்று அம்சவள்ளி சொல்லிவிட்டாள்.

வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் சின்னராசுவுக்குக் கடைசி யோசனை உதித்தது. தீர்மானத்தைத் தடுக்கத்தானே முடியாது? ஊரே தாங்காத அளவுக்கு அதைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? கிராம சபையில் அதையும் ஒழி, இதையும் ஒழி என்று பேசினால் சனங்களுக்கே கோபம் வந்து, மொத்தத் தீர்மானத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வாணலி பிழைத்துக்கொள்ளும். இந்த யோசனையை அம்சவள்ளியிடம் சொல்லலாமா என்று பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றையே தின்றார்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூட மைதானத்தில் சபை கூடியது. செவ்வந்தி எழுதி வைத்திருந்த தாளோடு எழுந்தாள். சின்னராசு அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே முன்னால் போனார்.

"அண்ணா, நாங்க எழுதினத ஒரு தடவ படிச்சிடுங்க," என்றாள் அவள்.

"எழுதினதெல்லாம் வேணாம்மா. மனசுல இருந்து பேசினாத்தான் எடுபடும்."

பேசினார். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பாக்கெட்டுத் தீனி கூடாது என்றார். சனங்கள் தலையாட்டினார்கள். பஜ்ஜி, போண்டா கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். பரோட்டா கூடாது என்றபோது இளவட்டங்கள் பக்கம் லேசாகச் சலசலப்பு எழுந்து அடங்கிவிட்டது. இது போதாது என்று, டீக்குச் சர்க்கரையே போடக் கூடாது என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் கரும்பு போட்டவர்கள். இதோ செருப்பு வரப் போகிறது என்று ஆவலாகக் காத்திருந்தார். ஒரு பெரியவர் எழுந்தார்.

"சக்கரைதானே கூடாது? வெல்லம் போட்டுக்கலாம் இல்ல?"

யாரோ போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

சின்னராசுவுக்கு வியர்த்துக் கொட்டியது. இதற்கு மேல் ஒழிப்பதற்கு அவரிடம் பண்டம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"எண்ணெச் சட்டி புடிச்ச கை எதுவும் இனிமே இந்த ஸ்கூலு கேட்டைத் தாண்டி வரக் கூடாது. கடை போட்டவனும் சரி, அவன் பொண்டாட்டியும் சரி. நாளைக்கி வேற எதனா நல்லத விக்கறேன்னு வந்து நின்னாலும் உள்ள வுடக் கூடாது."

இது அநியாயம் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்று முகம் முகமாகப் பார்த்தார். முதலில் எழுந்தவர் ஆதிமூலம். பல் போன இடைவெளியில் காற்று புஸ்ஸென்று வர, தீர்மானத்தை ஒரு எழுத்து விடாமல் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. சுற்றிலும் எல்லாக் கையும் உயர்ந்ததைப் பார்த்ததில் சின்னராசுவின் கையும் தானாக உயர்ந்துவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தலைமையாசிரியர் தழுதழுத்த குரலில், சொந்தப் பிழைப்பையே ஊருக்காக விட்டுக்கொடுத்த இப்படி ஒரு மனிதரைத் தான் கண்டதில்லை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். மன்றத்துப் பிள்ளைகள் மட்டும் கைதட்டவில்லை. செவ்வந்தி கையிலிருந்த தாளை நாலாக மடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தன்னுடைய தியாகம் அவளை உருக்கிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் துக்கத்திலும் அவருக்கு அது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. அம்சவள்ளி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பொன்னாடையை அவர் தோளிலிருந்து உருவி, துணியின் கனத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சட்டி தொடைக்கக்கூட ஆவாது," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. சின்னராசுவுக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வழியாகச் சத்துணவு அமைப்பாளர் காசியம்மாள் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தாள். மன்றத்துப் பிள்ளைகள் கூடிப் பேசுவதெல்லாம் அவளுடைய சமையற்கூடத்துத் தாழ்வாரத்தில்தான். யாரிடமாவது ஒரு நல்ல வார்த்தை கேட்டால் தேவலை போலிருந்தது சின்னராசுவுக்கு.

"பசங்க ஆசப்பட்டத முடிச்சிக் குடுத்துட்டேங்கா," என்றார்.

காசியம்மாள் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுங்க இன்னா ஆசப்பட்டுதுன்னு நீ கேட்டியாப்பா? பாக்கெட்டுத் தீனிய நிறுத்திட்டு, ஸ்கூலு உள்ளாறயே சுண்டலு, சோளம்னு அவிச்சிக் குடுக்க ஒரு கேன்டீன் வைக்கணும், அதுக்குக் கை சுத்தமான ஆளு இந்த ஊர்ல சின்னராசு அண்ணனும் அண்ணியும்தான்னு எழுதிக்கினு வந்துதுங்க."