வெள்ளைக்கு வெள்ளை, மஞ்சள் போர்டு

துணிக்கடையில் நாம் புடவையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, கடை நம்மைப் பிரித்துப் பார்த்து, மடித்து, எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்துவிடுகிறது. செருப்பு, கைப்பை, நிறம், எந்த வண்டியிலிருந்து இறங்கினோம் என்பது வரை எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு மதிப்பு உண்டு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. (அந்த நாளில் நான் படித்துக்கொண்டிருந்தது சோழர் காலத்து நிலவரி பற்றி. துணிக்கடையில் அது உதவாது.) என் கல்யாணப் புடவை எடுக்கப் போன அன்று, நடுத்தெருவில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அது ஆவணி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி சுமதி இன்றுவரை சனிக்கிழமை என்று சாதிக்கிறாள். இருக்க முடியாது. நண்பன் தன் டிராவல்ஸ் வண்டியை எனக்குக் கொடுத்ததே, ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் கம்பெனி டிரிப் கிடையாது என்பதால்தான். வரலாறு என்றால் இப்படி ஆதாரத்தோடு பேச வேண்டும். சுமதி தரப்பின் ஆதாரம் “எனக்குத் தெரியும்” என்ற ஒரே வாக்கியம்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. தேர்ந்தெடுப்பது பெண் வீட்டார். எங்கள் தரப்பில் நானும் அம்மாவும். நாங்கள் அப்போது அம்பத்தூரில் இருந்தோம். அம்மா அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தாள். கோவில்பதாகையிலிருந்து அவர்கள் தரப்பில் சுமதி, அவள் அப்பா, அவருடைய அக்கா சரோஜா அத்தை. மாமா, அதாவது சுமதியின் அப்பா, ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு சப்ளை செய்பவர்கள் தீபாவளிக்குக் கொண்டுவரும் இனிப்புப் பெட்டியை, பிரிக்காமல், கொடுத்தவர் வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுப்பார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் தி.நகர்லதான் எடுத்தது மாப்ளே” என்றார் மாமா.

தி.நகர் என்றதும் நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். நான் ஆனி மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அதுவும் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டதால் தப்பித்தவன். முன்பக்கம் போகும் வரை நானும் ஓட்டுநர்தான். பின்பக்கம் என்றால் எனக்கும் வண்டிக்கும் ஒத்துவராது. இதை மாமனாரிடம் சொல்ல முடியுமா? அதனால் கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த ஒரு மூன்று மாடிக் கடையைத் தூக்கிப்பிடித்தேன். விலை குறைவு, ஜரிகை சுத்தம், தி.நகர் கடைக்காரர்களே இங்கேதான் எடுக்கிறார்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் கடைக்குள் நான் அதற்கு முன் காலடி வைத்ததில்லை. பஸ்ஸில் போகும்போது, நேராகப் போய் நிறுத்தி நேராகவே வெளியேறும்படி வாசல் இருந்ததைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம்.

அன்று வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், இரண்டுக்கும் கஞ்சி. வெள்ளைக்கு வெள்ளை போட்டால் கண்ணியம் தானாக வந்துவிடும் என்று நம்பிய வயது. மஞ்சள் நம்பர் போர்டு வைத்த வண்டி. விரலில் சாவிக்கொத்து. வெயிலில் காயாமலேயே காய்ந்த நிறம். இப்போது எழுதும்போது எல்லாம் எனக்கே தெளிவாகத் தெரிகிறது.

வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டேன். வாட்ச்மேன் ஓடிவந்து வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு ரோஸ் நிற டோக்கனை நீட்டினார்.

“ஓரமா உட்டுட்டு பின்னாடி போ அண்ணாத்தே. டீ, பஜ்ஜி கீது. பார்ட்டி எறங்க லேட்டாவும்.”

பார்க்கிங் டோக்கன் என்று பையில் வைத்துக்கொண்டேன். டீயும் பஜ்ஜியும் கல்யாண மாப்பிள்ளைக்கான உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். (என் முகத்தில் மாப்பிள்ளைக் களை அப்படித் தெரிகிறதோ என்று வண்டிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டதும் உண்மை.)

பின்பக்கம் பெஞ்சில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னா பார்ட்டி?”

“கல்யாணப் புடவை.”

“அப்ப மத்தியானத்துக்கு மேலதான் மாமே. பொண்ணு ஒண்ணு எடுக்கும். ஒரு அத்தை வந்து வேணாங்கும். எல்லா பார்ட்டிலயும் ஒரு அத்தை கீது.”

சரோஜா அத்தையைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று வியந்தபடி இரண்டாவது பஜ்ஜியை எடுத்தேன்.

உள்ளே போனால், தரைத்தளத்தில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே பாலியெஸ்டர் புடவைகள் மலைபோல் குவிந்திருந்தன.

“என்னம்மா, மத்தவங்க எங்க?”

“அவங்கள லிஃப்ட்ல கூட்டினு போனாங்க. நான் பட்டு பாக்கணும்னேன். டெய்லி வேர் இங்கதாம்மா, உக்காருன்னான் அந்தப் பையன். சரி, கீழேருந்து வரிசையா காட்டுவாங்க போலன்னு உக்காந்துட்டேன்.”

அம்மா கட்டியிருந்தது துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவை. காலில் ரப்பர் செருப்பு. புடவைக்கான பணம் முழுவதும் அவள் மடியில் இருந்த பர்ஸில் இருந்தது. அவளை லிஃப்டுக்கு அழைத்துப் போனேன். லிஃப்ட்காரர் அவளை ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து, “நீ படில வந்துருப்பா” என்றார். லிஃப்டில் எடை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துப் படியேறினேன். லிஃப்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள் என்பது இரண்டாவது மாடி வந்த பிறகுதான் உறைத்தது. அப்போதும் எனக்கு விஷயம் புரியவில்லை.

மேலே சரோஜா அத்தைக்கு ராஜ மரியாதை. கழுத்தில் இரட்டைவடம், தங்க பிரேம் கண்ணாடி. விற்பனையாளர் அவரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அத்தையும் நாலு புடவை வேணாம் என்றார். ஐந்தாவதாக அரக்கு நிறத்தில் ஒன்றுக்குத் தலையசைத்தார். சுமதிக்கும் அதுதான் பிடித்திருந்தது. பில் போடும் இடத்தில் காசாளர் அத்தையிடம் கையை நீட்ட, அத்தை கொஞ்சமும் கூச்சப்படாமல், “அவங்கதாம்மா குடுக்கணும்” என்று என் அம்மாவைக் காட்டினார். காசாளர் முதலில் அம்மாவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

நான் போய் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். (நேராகத்தான்.) இறங்கிக் கதவைத் திறந்துவிட்டபோது, கடைக்குள்ளிருந்து ஒருவர் வந்து என்னிடம் கை நீட்டினார்.

“டோக்கன் குடுப்பா.”

கொடுத்தேன். அவர் அதில் எதையோ கிறுக்கிவிட்டு ஒரு கவரை என் சட்டைப் பையில் செருகினார்.

“உன் கமிஷன். பார்ட்டி நல்லா எடுத்துக்கீறாங்க. அடுத்த தபாவும் இங்கியே இட்டுனு வா.”

மாமா அப்போதுதான் ஒரு காலை வண்டிக்குள் வைத்திருந்தார். அந்தக் காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

“இன்னா இது?” என்றார்.

“எனக்குத் தெரியாது மாமா.”

“சட்டைப் பையில கீது. தெரியாதா?”

சரோஜா அத்தைக்குக் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது. “அதான் தி.நகர் வேணாம், வேணாம்னு அடிச்சுக்கினாரா. நான்கூட நம்ம மேல அக்கறைன்னு நெனச்சேன்.”

மாமா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கணக்குத் தப்பிய சரக்கைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “தம்பி” என்றார். மாப்ளே தம்பி ஆனது அந்த நொடியில்தான். “பொண்டாட்டிக்கு எடுக்கற புடவையிலயே கமிஷன் பாக்கறவன், நாளைக்கு எதுல பாக்க மாட்டான்? நான் பொண்ணக் குடுக்கறதப் பத்தியே யோசிக்கணும். சுமதி, வா. பஸ்ல போலாம்.”

அம்மா புடவைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னைப் பார்த்தாள். அவளே ஒரு கணம் சந்தேகப்பட்டாள் என்பது என் கருத்து. (அவள் மறுக்கிறாள்.)

சுமதி நகரவில்லை. “நெஜத்தச் சொல்லுங்க. ஏன் இந்தக் கடைதான்னு பிடிவாதம் பிடிச்சீங்க?”

நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன். “எனக்கு ரிவர்ஸ் வராது.”

“இன்னாது?”

“வண்டிய பின்னாடி எடுக்க வராது. தி.நகர்ல பார்க்கிங்ல மாட்டிப்பேன். இங்க நேரா வந்து நேரா போயிடலாம்.”

“வர்ற வழியெல்லாம் நல்லாத்தானே ஓட்டிக்கினு வந்தே” என்றார் மாமா.

“வழி நேராவே இருந்தது மாமா.”

அத்தை சிரித்தார், அது நம்பிக்கை இல்லாத சிரிப்பு. மாமா சற்று யோசித்தார். ஸ்டோர்ஸில் இருந்தவர், சரக்கைச் சோதிக்காமல் எடுத்தும் பழக்கமில்லை, தள்ளியும் பழக்கமில்லை.

“சரி. எடு. பாக்கலாம்.”

தோற்றால்தான் பெண் கிடைக்கும் என்ற ஒரு தேர்வை நான் அதற்கு முன் எழுதியதில்லை. ஆனாலும் சுமதி பார்த்துக்கொண்டிருந்தாள் பாருங்கள், மனசு கேட்கவில்லை. நன்றாக எடுக்கத்தான் முயன்றேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வண்டி எங்கோ போனது. வலப்பக்கம் ஒடித்தேன். வாசல் படியில் பட்டுடுத்திக் கைகூப்பி நின்ற பொம்மையின் மேல் போய் மெதுவாகச் சாய்ந்தது. பொம்மை கூப்பிய கையோடு வாட்ச்மேனின் மார்பில் விழுந்தது. அதன் ஒரு கை மட்டும் மணிக்கட்டோடு கழன்று படியில் உருண்டது.

வாட்ச்மேன் பொம்மையைத் தாங்கிப் பிடித்தபடி கத்தினார்: “யோவ், இன்னாயா இது? நீ டிரைவரே இல்லியா?”

“அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்.”

மாமா அவர் அருகில் போய், சாட்சி கேட்பவர்போல் நிதானமாகக் கேட்டார். “நல்லா பாத்து சொல்லுப்பா. இவரு டிரைவர் இல்லதானே?”

“சத்தியமா இல்ல சார். இவன் சைக்கிள்கூட ஓட்டிருக்க மாட்டான்.”

மாமாவின் மீசை துடித்தது. கொஞ்ச நேரத்தில் தோளும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். “மாப்ளே, சாவியக் குடுங்க. நான் ஓட்றேன்.”

கமிஷன் கவர், பொம்மையின் மணிக்கட்டுக்காக அங்கேயே ஒப்படைக்கப்பட்டது. நான் கடைசி இருக்கையில், புடவைப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன்.

மானம் திரும்பினாலும் எனக்கு ஒரு கேள்வி அடங்கவில்லை. ஒரு மனிதர், அரை நொடியில், எதை வைத்து என்னை முடிவு செய்தார்? அடுத்த ஞாயிறு கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். பொம்மை இரண்டு கை நிறைய வளையலோடு நின்றது. வாட்ச்மேனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேச்சுக் கொடுத்து, வாசலிலேயே யார் எப்படிப்பட்டவர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றேன்.

“அது இன்னா பெரிய விசயம்? வெள்ள டிரெஸ்ஸு, கையில சாவி, மஞ்ச போர்டு. டிரைவரு. அதுவும் வெயில்ல ஓடி ஓடி கலரு எறங்கியிருக்கும்.”

“பிறந்ததிலிருந்தே அந்தக் கலரா இருந்தா?”

“இருக்கும்தான். அத அவன் நெத்தியிலயா எழுதிக்கினு வருவான்?”

“ரப்பர் செருப்பு போட்ட அம்மா வந்தா?”

“கீழ அனுப்பிடுவோம். மேல போனா வெல பாத்து சங்கடப்படும்னு சொல்லிக்கீறாரு மேனேஜரு.” சற்று நிறுத்தி, “நான் எங்க ஊட்ல எல்லாரோடயும் ஒரு ஓட்டலுக்குப் போனேன். பார்சலு வாங்க வந்தியா, அந்தப் பக்கம் நில்லுன்னான் என்னிய. அவனுக்கும் ஒரு மேனேஜரு இருப்பான்ல” என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னையும் ஒரு கணம் அவர் தொழில் தொற்றிக்கொள்ள, அவர் முகத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

“சரி, இன்னிக்கு நான் யாருன்னு சொல்லுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ வேற கடை ஆளு. வெல கேட்டுக்கினு போக வந்துக்கீறே. உள்ள உட மாட்டேன், கெளம்பு.”

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் எதையும் சிபாரிசு செய்ய முடிவதில்லை. பல் டாக்டர், பழக்கடை, மொபைல் பிளான் என்று எதைச் சொன்னாலும் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: “இதுல உங்களுக்கு எவ்ளோ மாப்ளே?” நாங்கள் திருநின்றவூரில் இடம் பார்த்தபோது, ஏரிக்காற்று நன்றாக இருக்கும் என்றேன். காற்றில் எனக்கு எவ்வளவு என்று கேட்டார்.

போன சித்திரையில் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியையின் அறையில், இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். விளையாட்டுத் திடல், நூலகம், நல்ல ஆசிரியர்கள். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அறை முழுவதும் கேட்கும் குரலில் கேட்டாள்.

“அப்பா, இதுல உனக்கு எவ்ளோ?”

தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுமதி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நான் அவள் பக்கம் திரும்பினேன். அவளும் பதிலுக்காகக் காத்திருப்பவள்போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.