மர்ஜானாவின் மேல் ஒரு வழக்கு

ஷேக் மப்ரூக்கின் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். ஸகாஸிக் நகரில் ரொட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. போலீஸ் என்று சொல்லிப் போனில் பணம் பறிக்கும் திருடர்களிடமிருந்து காக்கும் தாயத்தாம். போன் உறைக்குள் செருகினால் போதுமாம். விலை இருநூறு பவுண்டு. நானும் இரண்டு வாங்கினேன். புத்திக்கு அன்று விடுமுறை.

தாயத்து பலிக்க ஷேக்குக்கு உங்கள் பெயரும் போன் எண்ணும் வேண்டும், கூடவே தாயின் பெயரும். எங்கள் ஊர் ஆண்கள் தாயின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம். கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட மாட்டோம். ஷேக்கின் காதில் மட்டும் சொன்னோம். அவர் பக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

தாயத்து விற்க விற்க, போலிப் போலீஸ் போன்களும் கூடின. "உங்களுக்கு நம்பிக்கை பத்தலை" என்றார் ஷேக். ஆளுக்கு இன்னொன்று வாங்கினோம்.

புதன்கிழமை, துணி தேய்க்கும் இன்ஸாஃப் அக்காவின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, குழாய் வேலை செய்யும் அவாத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கர்னல் பேசறேன். ஃபஹீமா மகன் அவாத் நீதானே? உன் பேர்ல கடத்தல் வழக்கு இருக்கு. இப்ப உன் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், சொல்லு. இல்லேன்னா ஜீப் வரும்."

அவாத் விருட்டென்று எழுந்து நின்றார். அதிகாரியிடம் உட்கார்ந்து பேசி எங்களுக்குப் பழக்கமில்லை, போனில்கூட.

"சரிங்க பாஷா" என்று அதிகாரிகளுக்கான மரியாதைச் சொல்லோடு பணிந்தவர் எங்களிடம் முணுமுணுத்தார். "எங்கம்மா பேரே தெரிஞ்சிருக்கு. நிஜப் போலீஸ்தான்."

அந்த எண்ணைச் சொன்னால் போன் கணக்கில் இருக்கும் பணம் அத்தனையும் போய்விடும். மகளின் சீருக்கு ஃபிரிட்ஜ் வாங்க ஆறு வருடமாகச் சேர்த்தது. கல்யாணம் அடுத்த வாரம்.

இன்ஸாஃப் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினார்.

"பாஷா, நான் இதே தெரு இன்ஸாஃப். எம்மேலயும் வழக்கு இருக்கான்னு பாருங்களேன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கு. மர்ஜானா மகள் இன்ஸாஃப். உங்கம்மாவும் இதுல கூட்டு. அவங்களையும் தூக்கிருவோம்."

"தாராளமா தூக்குங்க. எதிர்லதான் புல்லு தின்னுட்டிருக்கா. நாலு ஆளா வாங்க, உதைப்பா."

மர்ஜானா எங்கள் தெருக் காய்கறி வண்டியின் கழுதை.

அக்கா போனை வைத்தார். "ஆழம் பாக்கத்தான் ஷேக்குகிட்ட அந்தப் பேரைச் சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லலை. நிஜப் போலீஸ் ரகசிய எண் கேக்காது தம்பி. சந்தேகம்னா போனை வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போய்க் கேளு. நாலு தெருதானே?"

தெருவே ஷேக் வீட்டுக்குள் புகுந்தது. அக்கா அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தார். திரைக்குப் பின்னால் மணி ஒலித்தது.

"அது ஜின்" என்றார் ஷேக்.

"ஜின்னுக்கு சிம் யாரு வாங்கிக் குடுத்தது?"

திரையை விலக்கினால் ஷேக்கின் மச்சான். மடியில் எங்கள் தாய்மார்களின் பெயர் நோட்டு.

இருவரையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். சனிக்கிழமை அவாத் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. தாயத்துகளைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே பழைய மின்கட்டண ரசீதின் துண்டுகள்.

அக்கா சோதிக்க வாங்கினார், நாங்கள் நம்பி வாங்கினோம். எங்கள் தெருவில் தாயத்து வாங்கவே வாங்காதது மர்ஜானா ஒருத்திதான். இனிமேல் யாரையாவது கழுதை என்று திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.