செல்வராசு மாமாவைச் சமாதானப்படுத்தும் பணி

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் "இதுக்குப் பொறுப்பாளர் யாரு?" என்று கேட்டுச் சிரிக்கும் வழக்கம் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. தொடங்கி வைத்தவள் நான். நிமிடக் கணக்கு எப்படித் தெரியும் என்றால், மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. (அழிக்கத் தெரிந்திருந்தால் அழித்திருப்பேன்.)

நான் முதுகலைத் தமிழிலக்கிய மாணவி. நாலு பேர் கூடிய இடத்தில் நாலு வார்த்தை பேசமாட்டேன். எழுதச் சொன்னாலோ ஒரு விவரத்தையும் விடமாட்டேன். அண்ணன் மகள் யாழினிக்குக் காதுகுத்து என்று முடிவானதும், வாய் திறக்கத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து, அச்சகம், மண்டபம், புகைப்படக்காரர் ஆகியோருடனான மின்னஞ்சல் போக்குவரத்தை ஏற்றுக்கொண்டேன். அதற்கென்றே பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்தேன். வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலையும் அது ஒரு பணியாக மாற்றும். பக்கத்திலேயே முன்னுரிமை, குறிப்பு, பொறுப்பாளர் என்று கட்டங்கள் தரும். காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அரியலூர் அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்தது. அதன் பக்கத்தில் நான் நிரப்பியது இது:

"பணி: குழந்தை உட்கார மடி ஏற்பாடு, செல்வராசு மாமாவைச் சமாதானப்படுத்துதல். முன்னுரிமை: குறைவு. குறிப்பு: எப்படியும் கோபித்துக்கொள்வார். கெஞ்சினால் இறங்கிவிடுவார். தேவைப்படும் நேரம்: பத்து நிமிடம்."

செல்வராசு மாமா அண்ணியின் அண்ணன். பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். யாழினிக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவர் வராவிட்டால் ஆசாரி வந்தும் பயனில்லை, கறி வெந்தும் பயனில்லை.

"கயலு, பேரெல்லாம் சரியா இருக்கான்னு எங்கண்ணன் ஒரு தடவ பாத்துரட்டும். மெயில்ல அனுப்பிவுட்டுரு" என்றார் அண்ணி.

அனுப்பினேன். மின்னஞ்சலின் பொத்தானை அழுத்துவதற்குப் பதில், பக்கத்திலிருந்த எக்ஸ்டென்ஷனின் பொத்தானை அழுத்தி அனுப்பினேன். அது அழைப்பிதழோடு என் குறிப்பையும் சேர்த்தது. போதாக்குறைக்கு, நான் காலியாக விட்டிருந்த ஒரே கட்டமான 'பொறுப்பாளர்' என்பதில் அவர் பெயரையே நிரப்பிக்கொண்டது. ஆக, செல்வராசு மாமாவைச் சமாதானப்படுத்தும் பணி செல்வராசு மாமாவிடமே ஒப்படைக்கப்பட்டது. ஐந்து பதினேழுக்கு ஒரு நினைவூட்டல், ஆறு பதினேழுக்கு ஒரு நினைவூட்டல். (மணிக்கொரு தடவை என்று அமைத்து வைத்த மகராசியும் நான்தான்.)

ஆறு இருபதுக்கு அண்ணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, அங்க யாரு பெரிய ஆபீசரு? எனக்கு வேலை ஒதுக்கியிருக்காங்க."

"என்ன வேலைண்ணே?"

"என்னைய நானே சமாதானப்படுத்திக்கணுமாம். ரெண்டு தடவ ஞாபகப்படுத்திட்டாங்க. அதுவும் ஒண்ணும் அவசரமில்லையாம், சும்மா இருக்குறப்ப பாத்துக்கலாமாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"மாமா... அது வந்துங்க..."

"கயலா? உனக்குப் பேச வருமா தாயி? எழுத மட்டுந்தான் வரும்னுல்ல நெனச்சேன். மடிய வேற எங்கயாச்சும் ஏற்பாடு பண்ணிக்குங்க. நான் வரல." வைத்துவிட்டார்.

"எங்கண்ணன் அழைச்ச பொறவுதான் கோவிச்சுக்கும். நீ அதுக்கு முன்னாடியே முடிச்சுவுட்டுட்டியே கயலு" என்றார் அண்ணி. கேலிபோல் தொடங்கியவருக்கு, முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அண்ணியோடு பெரம்பலூர் போனேன். வெற்றிலை, பாக்கு, பழம், அழைப்பிதழ் வைத்த தட்டை வழக்கமாக வீட்டுப் பெரியவர்கள்தான் நீட்டுவார்கள். அன்று நான் நீட்டினேன். மாமா வாங்கவில்லை. பேசினேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். யாழினி வேறு எவர் மடியிலும் உட்காரமாட்டாள் என்றேன். முன்னுரிமையை 'மிக அதிகம்' என்று மாற்றிவிட்டதாகவும் சொன்னேன். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. தொண்டை வறண்டு நிறுத்தினேன்.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷந்தான் ஆவுது. பத்துன்னுல்ல எழுதியிருந்த? ம், கெஞ்சு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கெஞ்சினேன். பத்தாவது நிமிடம் தட்டை வாங்கிக்கொண்ட மாமா, தன் போனை என்னிடம் நீட்டினார்.

"வேலை முடிஞ்சுதுன்னு இதுல எங்க அமுக்கணும் தாயி?"

காட்டினேன்.