யார் பேரு மேல

“மாப்ள, உங்க வெப்சைட்ல என் பேரு ரெண்டாவதாக் கெடக்கு,” என்றார் திருமங்கலத்திலிருந்து விருமாண்டி.

செல்வக்குமார் பல் தேய்ப்பதை நிறுத்தினான். மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து. அச்சடித்த பத்திரிகை வேண்டாம், வெப்சைட் போதும் என்று மனைவி அன்னக்கொடியிடம் அடித்துச் சொன்னவன் அவன்தான். கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்கு அந்த வீறாப்பு கூட இல்லாவிட்டால் எப்படி?

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். விருமாண்டி, அன்னக்கொடியின் பெரியப்பா மகன், வயதில் மூத்தவர். கீழக்குயில்குடி முத்துப்பாண்டி, அவளுடன் பிறந்த தம்பி. இருவரில் ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் அன்னக்கொடி சபையில் தலை நிமிர முடியாது.

விருமாண்டியை மேலே ஏற்றினான். வாய் கொப்பளிப்பதற்குள் முத்துப்பாண்டி கூப்பிட்டான்.

“மச்சான், நேத்து மேல இருந்தேன். இன்னைக்குக் கீழ இறக்கிட்டீங்க. கூடப் பொறந்தவன் நானா, அவரா?”

“கை தவறிருச்சு, மாத்திடுறேன்.”

மாற்றினான். லேப்டாப்பில் தம்பி மேலே வந்துவிட்டான். அன்னக்கொடி தன் போனை நீட்டினாள்.

“ஏங்க, இதுல அண்ணன் பேருதான மேல இருக்கு?”

பக்கத்து வீட்டுப் போனில் திறந்தால், இதே வெப்சைட்டில் போட்டிருந்த போன வருஷத்துப் புதுமனை புகுவிழா அழைப்பு வந்து நின்றது.

அந்த விழாவன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்ததில் வெப்சைட் படுத்துவிட்டது. பட்ட கேலி கொஞ்சநஞ்சமில்லை. அதனால் விழா முடிந்த கையோடு மூன்று சிடிஎன் கம்பெனிகளைப் பிடித்திருந்தான். வெப்சைட்டை நகலெடுத்து ஊர் ஊராக வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வேலை. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். இப்போது மூன்றும் மூன்று விதமான நகலைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

எந்த மச்சானுக்கு எது போகிறது? பயத்தை மீறி, அதைக் கண்டுபிடிக்கும் ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது. நாகமலை புதுக்கோட்டை டீக்கடைக்குப் போய், இருந்தவர்களிடமெல்லாம் போனில் திறந்து காட்டச் சொன்னான்.

“கூப்பிட்டதுக்கு ரொம்பச் சந்தோஷம் தம்பி. குடும்பத்தோட வாரேன்,” என்றார் டீ மாஸ்டர் அருள்பாண்டி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“ஊருக்கே சோறு போடவா?” என்றாள் அன்னக்கொடி.

ஒரு கம்பெனியின் பழைய நகலை அழித்தான். அதில் தாய்மாமன்கள் இருவருமே காணாமல் போனார்கள். அதைச் சரிசெய்தால், இன்னொன்றில் புதுமனை புகுவிழா மறுபடி தலைகாட்டியது.

இதற்குள் மச்சான்கள் கூப்பிடுவது நின்றுபோனது.

“ரெண்டு நாளாச் சத்தமே இல்ல. கோவம் முத்திப்போச்சுங்க,” என்று அன்னக்கொடி கண்ணைக் கசக்கினாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான்.

ஒருவழியாக மூன்றும் ஒழுங்குக்கு வந்தன. வயதுப்படி விருமாண்டி மேலே, முத்துப்பாண்டி கீழே. எந்தப் போனில் திறந்தாலும் ஒரே மாதிரி. தம்பியிடம் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவன் பெருமூச்சு விட்டபோது, போன் அடித்தது. முத்துப்பாண்டியின் மனைவி முனீஸ்வரி.

“அண்ணே, ரெண்டு பேரும் அவங்கவங்க போன்ல அவங்கவங்க பேரு மேல இருக்குறதப் பாத்துப் பூரிச்சுப்போயி, ரெண்டு நாளா ஒரே வண்டியில காதுகுத்துக்குக் கெடா வாங்க அலைஞ்சாங்க. இன்னைக்கு இவரு சந்தையில போனத் தெறந்தாரு, கெடாவ அங்கயே விட்டுட்டு வந்து படுத்துட்டாரு,” என்றாள். “பழையபடி கெடுத்து விட்ருங்கண்ணே.”