துப்பினால் துப்பு கிடைக்கும்

எனக்கும் சொந்தக்காரர்கள் வேண்டும் என்று ஈஸ்டருக்கு மறுநாள் முடிவு செய்தேன். ஐம்பது தாண்டிய மனிதன் இப்படி ஒரு முடிவுக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு மனைவி இருப்பாள். எனக்கு அட்ராக்டா இருக்கிறாள். பெயரின் முதல் பாதியிலேயே 'அட்றா' என்று உத்தரவு இருப்பதைக் கல்யாணத்துக்கு முன்பே நான் கவனித்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஆறு அண்ணன் தம்பிகள். நான் ஒற்றைப் பிள்ளை. என் அப்பாவும் ஒற்றைப் பிள்ளை. அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பூசை முடிந்ததும் மாமியார் வீடு. அங்கே ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. அது வயிற்றில் இறங்குவதற்குள் மூத்த மைத்துனன் டோனலின் சதுப்புநிலம். அடுப்பெரிக்க அங்கே ஈரமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிப் போட்டிருப்பார்கள். குனிந்து குனிந்து எடுத்து, காற்றுப் படும்படி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்த வேண்டும். மற்ற ஊர்களில் மண்ணாங்கட்டி என்றால் வசவு. எங்கள் ராஸ்காமனில் அது எரிபொருள். எனக்கு இரண்டும்.

"இந்த ஞாயித்துக்கிழமையாவது என் பக்கத்து ஆளுங்க யாரையாவது பார்க்கப் போவோமே," என்றேன்.

"தாராளமா. யாரு இருக்கா?"

யோசித்தேன்.

"உங்க அப்பா இருக்கார், கல்லறையில," என்றாள். "பூசைக்குப் போறப்பவே அவரைப் பார்த்துடறோம்."

"தேடினா யாராவது கிடைப்பாங்க."

"தேடு கான்லெத். அதுவரைக்கும் டோனல் பாவம், தனியாக் குனிவான்."

"அவன் எங்க குனியறான்? நின்ன இடத்துல நின்னுக்கிட்டு எனக்கு வழி சொல்றான்."

"அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக நூலகம் போனேன். எங்கள் நாட்டில் முன்னோரைத் தேடுவது சுலபமில்லை. பழைய ஆவணங்களில் பெரும்பங்கு உள்நாட்டுச் சண்டையில் டப்ளினில் எரிந்துபோனது. மிச்சம் இருந்தது ஞானஸ்நானப் பதிவு. அதில் என் கொள்ளுத்தாத்தா பெயர் ஜான் கெரட்டி. அவருடைய அப்பா ஜான் கெரட்டி. பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், ஞானத்தந்தை எல்லாரும் ஜான் கெரட்டி. அந்த ஊரில் "ஜான்" என்று கூப்பிட்டால் ஒரு ஊர்வலமே வந்திருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தேன். என் கொள்ளுப்பாட்டிக்குப் பத்தே வருடத்தில் பதினேழு வயது கூடியிருந்தது. நடுவில் அரசாங்கம் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்ததுதான் காரணம். கிழவி விவரமானவள். அந்த விவரம் எனக்குள் இறங்கவே இல்லை.

கடைசியில் மரபணுச் சோதனைக்குக் குழாய் வரவழைத்தேன். சமையலறையில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது அட்ராக்டா உள்ளே வந்தாள்.

"என்ன பண்றே?"

"துப்பறேன்."

"துப்பறியறேன்னுதானே சொன்னே?"

"துப்பினாத்தான் துப்பு கிடைக்கும்."

குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்தனை வருஷமா உன்னைத் துப்பு கெட்ட மனுஷன்னு நினைச்சேன். நிறையவே இருக்கு."

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு நூற்றுக்கணக்கில் சொந்தம். பாஸ்டனில், சிகாகோவில், எல்லாம் கடல் தாண்டி. ஒருத்தி மட்டும் உள்நாட்டுக்காரி. பெயர் ஃபிலோமினா. அவள் தாத்தாவும் என் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். ஒரு வேலித் தகராறில் முறைத்துக்கொண்டு, அப்படி ஒருவர் இருந்ததையே இரண்டு வீட்டிலும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அவள் குடியிருப்பது சால்ட்ஹில்லில், கடலைப் பார்த்த வீட்டில்.

கடிதம் போட்டேன். உடனே வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். குனியத் தேவையில்லாத ஞாயிறு. நாற்காலியில் சாய்ந்து, ஆப்பிள் பணியாரம் தின்று, அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிலோமினாவுக்கு என் அப்பாவின் காது. காற்றில் சற்று முன்னால் மடங்கும் அதே காது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பணியாரம் எடுத்துக்கொண்டேன். பெண்கள் இருவரும் உள்ளே போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்ததும் எழுந்து நின்று பிரகடனம் செய்தேன். "அட்ராக்டா, இனி என் ஞாயித்துக்கிழமை என் ரத்தத்தோட."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நியாயந்தானே. ஜூலை மாசக் கடைசி ஞாயிறு முழுக்க உன் ரத்தத்தோடவே இரு. எங்க வீட்டு ஆளு ஒருத்தர்கூடக் குறுக்க வரமாட்டாங்க."

"ஃபிலோமினா, நீதான் சாட்சி," என்றேன். ஃபிலோமினா சிரித்தாள். சொந்தக்காரி, சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு பேருந்து நின்றது. அதிலிருந்து பச்சைக் கம்பளிச் சட்டை போட்டவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

"யாரு இவங்கல்லாம்?" என்றேன், ஒரு பாஸ்டன் அத்தையின் தோளுக்கு மேலே.

"உன் ரத்தம்," என்றாள் அட்ராக்டா. "முப்பத்தெட்டு பேர். நாந்தான் எழுதி வரவழைச்சேன்."

"என் பேர்லயா?"

"அந்த மரபணுத் தளத்துல கடவுச்சொல்லா என் பேரை வெச்சிருந்தே. என்னை எழுதச் சொல்றதா எடுத்துக்கிட்டேன்."

"இவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"முன்னோர் பாடுபட்ட மண்ணுல ஒரு நாளாவது குனியணுமாம். எல்லாருக்கும் அதே ஆசை. கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"அது டோனலோட மண்ணு அட்ராக்டா."

"டோனலோட தாத்தாவுக்கு அங்க கூலிக்கு மண்ணு வெட்டினது உன் தாத்தா. ஃபிலோமினாதான் சொன்னா."

சதுப்புக்குக் கிளம்பினோம். பேருந்தை ஓட்டியதும் நான்தான்.

சதுப்பில் என்னைக் குலத்தலைவர் என்றே கூப்பிட்டார்கள். தலைவர் குனிந்தால்தான் குலம் குனிகிறது. சிகாகோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் ஈரமண்கட்டியை மார்போடு அணைத்து விசும்பினார். "தலைவரே, இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றார். காட்டினேன். வீடியோ சரியாக விழவில்லை என்றார்கள். மறுபடி காட்டினேன். சாயங்காலத்துக்குள் டோனலின் சதுப்பு முழுக்க அடுக்கி முடிந்தது. அடுத்த வருடம் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்களாம். இரண்டு சதுப்பு இருந்தால் நல்லது என்று பல் டாக்டர் அபிப்பிராயப்பட்டார்.

ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அட்ராக்டாவைக் கூப்பிட்டேன். போனில் அலைச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கே?"

"சால்ட்ஹில்ல. அம்மா, டோனல், தம்பிங்க எல்லாரும் இருக்கோம். ஃபிலோமினா ஆசையாக் கூப்பிட்டா."

"எங்க வீட்டு ஆளு அவ."

"அதான். எப்பவும் எங்க ஆளுங்களையே பார்க்கறோம்னு நீதானே குறைப்பட்டே? இன்னிக்கு எங்க வீடே உன் ஆளைப் பார்க்க வந்திருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்தாள்.

"நாங்க வர நேரமாகும் கான்லெத். உன் ரத்தத்துக்கெல்லாம் உருளைக்கிழங்கை நீயே வேக வெச்சுக் குடுத்துடு."