புகை அறையில் பழுத்த மசாலா பன்

கம்பம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் விஜய்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஞானசிகாமணி தலை குனிந்தபடி எழுதிக்கொள்வது. போடியில் நீங்களும், கண் ஆபரேஷன் முடிந்த உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி ஷீபாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பாதிப் பஜாருக்குக் கேட்கும். பக்கத்தில் உங்கள் தங்கை ஜெபஷீலாவும் இருப்பாள். அவள் காதில் இது நேராக விழக் கூடாது. நீங்கள் படித்து, காரத்தைக் குறைத்து, பக்குவமாக அவளிடம் சொல்ல வேண்டும்.

ஷீபாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் அங்கே வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது சாக்கு மச்சான். அவள் என்னோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கிளம்புவதற்கு முந்தின நாள் போதகர் ஐயாவும் அவர் மனைவி போதகர் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜெபஷீலா சுட்ட மசாலா பன்னை வைத்தோம். வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு அவள் சுடும் பன் உங்களுக்கே தெரியும். ஐயா ரெண்டு தின்றுவிட்டு மூன்றாவதைப் பார்த்தார். அம்மா, "ஜெபஷீலா கைக்கு ஈடு இல்லப்பா" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாயில் சனியன் உட்கார்ந்திருந்தது. "ஈஸ்ட்டப் போட்டா மாவு அது பாட்டுக்கு உப்புது, ஓவன் அது பாட்டுக்கு வேக வைக்குது, இதுல இவ செஞ்சது என்னம்மா இருக்கு? வேலையத்தவ வேல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெபஷீலா அடுப்படியில் இருந்தாள். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் போன் போட்டு, "சாப்பிட்டீகளா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு குறையாவது சொல்லாமல் பேச்சை முடிக்காதவள், ஒரு குறையும் சொல்லாமல் போனை வைக்கிறாள் என்றால் கோபம் எவ்வளவு ஆழம் பாருங்கள்.

இந்தச் சமயத்தில் போதகர் அம்மா என்னிடம், "இந்த ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு டீயோட பன் கெடையாதா?" என்று கேட்டார்கள். கெடையாதும்மா என்று சொல்லியிருக்க வேண்டியவன், "நான் கொண்டாறேம்மா" என்றேன். வீம்பு மச்சான். வேறென்ன?

வெள்ளிக்கிழமை அவளுடைய பெரிய அண்டாவில் மாவைக் கொட்டி, ஈஸ்ட்டைப் போட்டு, வெங்காய மசாலாவையும் சேர்த்துப் பிசைந்து மூடி வைத்தேன். டிசம்பர் குளிர், மலையிலிருந்து காற்று வேறு. மாவு போட்டது போட்டபடி கிடந்தது. சாயங்காலம் வரை பார்த்தேன், உப்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. காலமெல்லாம் வாழைக்காய் மண்டி நடத்துகிறவன் நான். எந்தக் காயாக இருந்தாலும் அறையில் அடுக்கி, சருகைக் கொளுத்திச் சட்டியில் வைத்து, கதவை அடைத்து மூட்டம் போட்டால் காலையில் பழம். மாவு மட்டும் என்ன விதிவிலக்கா? அண்டாவை மண்டிக்குத் தூக்கிப் போனேன். மண்டியில் வேலை பார்க்கும் ராக்கப்பன் கட்டைவிரலால் மாவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல காயாத்தான் இருக்கு மொதலாளி. நாட்டுப் பழத்துக்குப் போடுற மூட்டம் பத்தாது. இன்னொரு சட்டி வப்பமா?" என்றான். நானும், "வையி, வையி" என்றேன். ரஸ்தாளித் தார்களுக்கு நடுவில் அண்டாவை வைத்துக் கதவை அடைத்தோம்.

காலையில் கதவைத் திறந்தால் அண்டாவைக் காணவில்லை, மாவுதான் இருக்கிறது. பொங்கி வழிந்து, தாரெல்லாம் ஏறி, சீப்புச் சீப்பாக அப்பிக்கொண்டு நிற்கிறது. பழம் ஏற்ற வந்த குமுளி ஜீப்காரர் எட்டிப் பார்த்து, "எந்தா சேட்டா இது, வாழைக்குலைக்கு மருந்துப் பத்து போட்டிருக்கோ?" என்று கேட்டுவிட்டு, ஏற்றாமலே வண்டியைத் திருப்பிவிட்டார். ராக்கப்பனுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "எப்புடிப் பழுத்துருக்கு பாத்தீகளா?" என்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் பழத்திலிருந்து மாவை உரித்து உரித்து அண்டாவில் சேர்த்தோம்.

சுட்டதும் பன் என்னமோ அழகாகத்தான் சிவந்தது. அந்த அழகில்தான் ஏமாந்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன், ஒரே புகை நாற்றம். மூட்டத்தில் நின்றவன் அல்லவா, என் மீசைதான் நாறுகிறது என்று நினைத்து மீசைக்குச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

போதகர் ஐயா ஜெபம் பண்ணிவிட்டு ஒரு கடி கடித்தார். மறுபடியும் கண்ணை மூடினார். இன்னொரு ஜெபம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று நானும் மூடிக்கொண்டேன். பாடகர் குழு ஞானசெல்வி பக்கத்தில் வந்து, "அண்ணே, மொத வாயி வெங்காயமா இருக்கு, அடுத்த வாயி பழமா இருக்கு, அப்புறம் அடுப்பு ஊதுன மாதிரி இருக்கே, இது என்ன பன்னுண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். மற்றவர்கள் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை மச்சான். சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எல்லாரும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, "ஜெபஷீலா எப்ப வாராக?" என்று கேட்டார்கள். போதகர் அம்மா ரெண்டு தடவை கேட்டார்கள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை காலையில், கோவிலைக் கூட்டிப் பெருக்கும் கோவில்குட்டி செல்வின் ஒரு பையோடு வாசலில் நிற்கிறான். "அய்யா, பெஞ்சுக்கடில கூட்டும்போது கெடந்துச்சு. சாப்பாட்டுச் சாமான், குப்பைல போட மனசு வரல" என்று கொடுத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தேன். அத்தனை பன்னும் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி.

வெட்கத்தில் இன்னும் மண்டிப் பக்கம் போகவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். மாவு அது பாட்டுக்கு உப்பவில்லை மச்சான். எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று ஒருத்தி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பன் கிடக்கட்டும், அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் சொன்னது தப்பு என்று அவளிடம் சொல்லுங்கள். வந்தால் போதும், வைகிறதை இங்கே வந்து வையட்டும்.

தங்கச்சி ஷீபாவின் கண்ணுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கவும், உங்கள் வியாபாரம் பெருகவும் ஜெபித்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ஞானசிகாமணி

பி.கு.: அண்ணே, இது ஜெபஷீலா எழுதுறேன். மதினிக்குக் கட்டு அவுத்தாச்சேன்னு சொன்ன மாதிரியே மத்தியான பஸ்ல வந்து எறங்குனேன். வீடு தெறந்து கெடக்கு, கடுதாசி மேசையில கெடக்கு, இவுக ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காகளாம். நான் எங்கண்ணே கோவிச்சுக்கிட்டு வந்தேன்? மதினியப் பாக்கத்தான வந்தேன். போன்ல கொற சொல்லாததுக்குக் காரணம், நீங்க பக்கத்துல இருந்தீக. அன்னைக்கு ஐயா முன்னாடி இவுக பேசுனது ஒரு வார்த்த என் காதுல விழல. சட்னிக்கு மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் படிக்கிறேன். வேலையத்தவளாம்! பைய இன்னும் பிரிக்கல. சாயங்கால பஸ்ஸுக்கே கெளம்பி வாரேன், மதினிகிட்டச் சொல்லி வைங்க. கடுதாசிய நானே கையில கொண்டாந்து தாரேன்.