பட்டியலில் இல்லாத போர்வைக்காரர்

விருத்தாசலத்து வெயில் ஒரு மனிதரைக் கண்டு ஒதுங்கிப் போனது என்றால் அது போர்வைக்காரரைக் கண்டுதான். சித்திரை மாதத்து மத்தியானம், நாய்கள்கூட வண்டிக்கடியில் படுத்துவிடும் நேரத்தில், முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பட்டன், முகத்தைச் சுற்றித் துண்டு என்று பாலக்கரையில் நடந்து வருவார். "சூடா இல்லியாண்ணே?" என்று கேட்டால் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

"இதெல்லாம் ஒரு சூடா தங்கச்சி? வேலவெட்டி இல்லாம ஊரச் சுத்துற சூடு. நான் பாக்குறது கம்பெனி சூடு. அதுக்கு ஒரு மரியாத இருக்குது."

பெயரைக் கேட்டுவிட்டு அவர் கம்பளி விற்கிறவர் என்று நினைக்க வேண்டாம். மார்கழியில் அப்படி நினைத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. அவர் போர்வை போர்த்துவது மனிதர்களுக்கு இல்லை. செராமிக் கம்பெனிச் சூளைகளின் உள்சுவரில் நெருப்புத் தாங்கும் வெள்ளைப் பஞ்சுப் போர்வையை அடுக்கடுக்காக அறைவார். அனல்மின் நிலையங்களில் நீராவிக் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றி, கம்பி கட்டி, மேலே அலுமினியத் தகடு மடித்துத் திருகாணி முடுக்குவார். உள்ளே கொதிக்கிற சூடு வெளியே தெரியக் கூடாது. இன்சுலேஷன் வேலை என்று அதற்குப் பெயர். அந்த வேலை செய்கிற நாற்பது பேருக்கு ஒரு சங்கம், அதற்கு அவர் செயலாளர். மனுக்களில் அவருடைய சொந்தப் பெயரை நானே நூறு தடவை அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதினால் ஊரில் ஒருவருக்கும் யாரென்று தெரியாது.

நான் அப்போது பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே என் வாய். சங்கத்துக்கு ஆபீஸ் கிடையாது என்பதால் போர்வைக்காரர் என் கடையைத்தான் ஆபீஸ் என்று லெட்டர்பேடில் போட்டிருந்தார். என்னிடம் அவர் கேட்கவில்லை. லெட்டர்பேடை அடித்துக் கொடுத்ததே நான்தான் என்பதால் கோபப்படவும் வழியில்லை.

அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்து உட்காருகிறவர் கதி அதோகதி. பஞ்சுத்தூள் கண்ணுக்குத் தெரியாது, தோலுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஒருநாள் பத்திரம் அடிக்க வந்த ஒரு பெரிய மனிதர், கௌரவமாக உட்கார்ந்தவர், ஐந்து நிமிடத்தில் சுவரில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பத்திரத்தில் நான்கு எல்லையையும் சொல்வதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார். அன்று முதல் போர்வைக்காரருக்கென்று தனியாக ஒரு சிவப்பு ஸ்டூல் போட்டேன். அதை அவர் செயலாளர் நாற்காலி என்று எடுத்துக்கொண்டார்.

சூடு வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. டீக்கடை பாய்லரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஒருநாள் நான் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தால், என் லேமினேஷன் மெஷினுக்கு வெள்ளையாகப் போர்த்தி, கம்பி கட்டி, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்திருந்தார்.

"பாவம், சூடெல்லாம் வெளிய போவுது தங்கச்சி. அதான் கட்டி வுட்டேன்."

"ஐயோ அண்ணே, வெளிய போனாத்தான் அது உசுரோட இருக்கும்!"

நான் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. நான் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பரிகாரமாக, சங்கத்து ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிவந்து என் கடையின் தகரக் கூரைக்கு அடியில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தார். அதற்கு முன் அந்தக் கடைக்குள் மத்தியானத்தில் அப்பளம் பொரிக்கலாம். அதற்குப் பிறகு பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் சந்தேகம் கேட்கிற சாக்கில் என் கடையில் வந்து தூங்க ஆரம்பித்தார்கள். சண்டையை நான் ரத்து செய்தேன்.

இனி மனு. அரசாங்கம் நலவாரியத்தில் சேர்க்கிற தொழில்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் பெயர் இருந்தால்தான் வாரிய அட்டை, உதவித்தொகை, கடைசிக் காலத்தில் பென்ஷன் எல்லாம். தையல் இருக்கிறது, சலவை இருக்கிறது, மண்பாண்டம் இருக்கிறது. போர்வைக்காரர் கூட்டத்தின் தொழில் எங்கே தேடியும் இல்லை. வருஷக்கணக்காகப் பஞ்சுத்தூளை மூச்சில் இழுத்து, பேசினால் மூன்று வார்த்தைக்கு ஒரு இருமல் வைக்கிற ஆட்கள் அவர்கள். ஒரு அலுவலகத்தில் இன்சுலேஷன் என்றதும் "ஒயருக்குச் சுத்துற டேப்பா? அப்ப எலக்ட்ரீஷியன் பக்கம் போங்க" என்றார்களாம். அங்கே போனால் கட்டடத் தொழில் பக்கம் போகச் சொன்னார்கள். கட்டடத் தொழில் அலுவலகத்தில் "குழாய் எப்படிய்யா கட்டடம் ஆவும்?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றுகூடப் போர்வைக்காரர் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்து, "தங்கச்சி, மேற்படி பொருள் தொடர்பாகன்னு ஆரம்பி" என்பார். எனக்கு அலுத்துப்போனது. உண்மையைச் சொன்னால், பல நாள் அவர் வருவது தெரிந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி நடித்திருக்கிறேன்.

ஒருநாள் சங்கத்து ஆட்களின் ஆதார் நகல்களை வரிசைப்படுத்தும்போது அவருடையதைப் பார்த்தேன். பிறந்த தேதியைக் கணக்குப் பார்த்தேன். வாரியத்தில் அறுபது வயது ஆகாதவர்களைத்தான் சேர்ப்பார்கள். மனிதருக்கு ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பட்டியல் அதற்குள் மாறாவிட்டால், நாற்பது பேருக்காக நடையாய் நடந்த ஆள் மட்டும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறுநாளிலிருந்து போனைக் காதில் வைப்பதை நிறுத்தினேன். மனுவை நானே எழுத ஆரம்பித்தேன், அவரை விடக் காரமாக.

அந்தச் சமயத்தில்தான் பட்டியலைத் திருத்துவது பற்றிக் கருத்துக் கேட்கச் சட்டமன்றக் குழு ஒன்று எங்கள் பக்கம் வருவதாகச் செய்தி வந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம். சங்கத்துக்கு ஐந்து நிமிடம்.

"அஞ்சு நிமிசத்துல நம்ம தொழில வாயால சொல்ல முடியாது தங்கச்சி. கண்ணுல காட்டணும். சின்னதா ஒரு சூளை கட்டி..."

"மண்டபத்துக்குள்ள சூளை கொண்டாந்தீங்கன்னா நான் வரமாட்டேன்."

பேரம் பேசிப் பேசி, கடைசியில் ஒரு தூக்குவாளிக்கும் ஆறு டம்ளருக்கும் இறங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு மடித்து, குட்டிக்குட்டித் திருகாணி போட்டிருந்தார். விளிம்பு மட்டும்தான் வெளியே தெரியும். அவ்வளவு அழகான டம்ளரை நான் எந்தச் சீர்வரிசையிலும் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க டீயை வாளியில் ஊற்றி மூடினோம். பத்து மணிக்கு வரவேண்டிய குழு, குழுக்களின் வழக்கப்படி, பதினொன்றரைக்கு வந்தது.

எங்கள் முறை வந்தது. குழுத் தலைவர் ஆளைப் பேசவிடுகிற ரகம் இல்லை. எங்களுக்கு முன்னால் போன இரண்டு சங்கமும் "பெருமதிப்பிற்குரிய" என்பதைத் தாண்டவில்லை. போர்வைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் டம்ளர்களில் டீயை ஊற்றி எல்லார் முன்னும் வைத்தார். தலைவர் டம்ளரைக் கையால் சுற்றிப் பிடித்தார். சில்லென்று இருந்தது. "என்னய்யா, ஆறிப்போன டீய குடுக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரே மடக்காக வாயில் கவிழ்த்தார்.

அதற்குப் பிறகு அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. கண் பிதுங்கியது, தோள்துண்டு கீழே விழுந்தது, உதவியாளர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடும் இன்னொருவர் சர்க்கரையோடும் ஓடிவந்தார்கள். நான் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். போர்வைக்காரர் வெலவெலத்துப் போய்விட்டார்.

"ஐயா, மேல்தகட்ட தொட்டுப் பாத்துட்டா குடிச்சீங்க? எங்காளுங்க எவனும் தகட்ட நம்பமாட்டான்யா, விளிம்பதான் தொட்டுப் பாப்பான். அத சொல்ல மறந்துட்டேன். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்யா!"

தப்பு அவருடையதுதான். முப்பது வருஷம் தன் ஆட்களோடு மட்டுமே டீ குடித்த மனிதரின் தப்பு. தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எம்.எல்.ஏ. ஒருவர், சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு கேட்டார்: "இது எத்தினி மணிக்குப் போட்ட டீ?"

"காலைல ஏழுக்கும்மா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டம்ளரைத் தொட்டார். பிறகு ஒரே ஒரு விரலால், ஜாக்கிரதையாக, விளிம்பைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தார். "வெளிய ஒண்ணுமே தெரியலியே!"

"அதாம்மா எங்க தொழிலு. நாங்க ஒழுங்கா செஞ்சா, நாங்க ஒண்ணு செஞ்சோம்கறதே தெரியாது. தகடு மூடிப்புடும். அதனாலதாம்மா பட்டியல்லயும் யாருக்கும் தெரியாம போயிட்டோம்."

இந்த வசனம் நான் அடித்துக் கொடுத்த மனுவில் இல்லை.  அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே போனார், இருமல், பஞ்சு, சூளைக்குள் மயங்கி விழுந்தவர்கள் எல்லாவற்றையும். தலைவர் வாய் நிறையச் சர்க்கரையோடு இருபது நிமிடம் தலையை மட்டும் ஆட்டினார். அன்று முழுசாகப் பேசி முடித்த ஒரே சங்கம் எங்களுடையதுதான்.

மாதங்கள் ஓடின. நான் தினமும் காலையில் சாமி படத்தைக் கும்பிடுவதற்கு முன்னால் அரசாங்க இணையதளத்தைத் திறந்தேன். அவருடைய அறுபதுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, திருத்திய பட்டியல் வந்தது. கீழே, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், "குழாய், கொதிகலன், சூளைகளுக்கு வெப்பக்காப்பு செய்யும் தொழில்" என்று ஒரு வரி. சேர்க்கையும் அன்றே திறந்திருந்தது. முதல் விண்ணப்பமாக அவருடையதை நிரப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும், அத சொல்லுங்க."

"ஓடிபியா? சொல்லமாட்டேன்."

"அண்ணே, நான்தான் பேசறேன்!"

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதான கடையில எழுதி ஒட்டியிருக்க? உன் கொரல்லயே எவனாச்சும் பேசலாம்." வைத்துவிட்டார்.

ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, லேப்டாப்பை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பறந்தேன். புதுச் சூளை ஒன்றுக்குள் ஆறேழு பேர் பஞ்சு அறைந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வெள்ளை வெளேரென்று இருந்ததால் எந்த வெள்ளை செயலாளர் என்று தெரியவில்லை. பட்டியலில் இருந்த அந்த வரியைச் சூளை வாசலில் நின்று உரக்கப் படித்தேன். உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது.

"இன்னொரு வாட்டி படி" என்றார் போர்வைக்காரர். படித்தேன். நான்கு தடவை படிக்க வைத்தார்.

"சரி, இப்ப ஓடிபி சொல்லுங்க."

"மொதல்ல நம்ம ஆளுங்களுக்குப் போடு தங்கச்சி. செயலாளரு மொத ஆளா போட்டுக்கிட்டாருன்னு பேச்சு வரக் கூடாது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவங்களுக்கெல்லாம் நாள் இருக்குது. உங்களுக்கு அறுபதாவ ஒம்போது நாள்தான் இருக்குது. நடுவுல சர்வர் படுத்துச்சின்னா என்ன பண்ணுவீங்க?"

 உள்ளே இருந்தவர்களில் ஒருவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அண்ணே, அறுபதா? அம்பத்தி மூணுன்னு சொல்லித்தான ஏணியில எங்களுக்கு மேல ஏறினீங்க?"

"வயச சொன்னா ஏற வுடமாட்டீங்களே" என்றார் போர்வைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

நான்கு பேர் சேர்ந்து அவரைச் சூளையிலிருந்து வெளியே தூக்கிவந்தார்கள். உள்ளே சிக்னல் கிடையாது, காலையில் என்னிடம் பேசியதுகூட வெளியே நின்றபோதுதானாம். வெளியே வந்ததும் நான் லேப்டாப்பில் புது ஓடிபி கேட்டேன், போன் கிணுகிணுத்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று திரையில் வந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தூசி போனது, கண் மட்டும் மறுபடி மறுபடி நனைந்துகொண்டே இருந்தது. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது, கடை வாசலில் ஜெராக்ஸ் கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மீதி முப்பத்தொன்பது பேரின் ஃபைலை மேசையில் எடுத்து வைத்தேன்.

"ஜெராக்ஸ் நாளைக்கு வாங்க. இன்னிக்கு எங்கண்ணன் வேல இருக்குது."

முன்வரிசையில் நின்ற, என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். "நீ ஒத்தப் பொண்ணாச்சே. உனக்கு ஏதுடி அண்ணன்?"

"இருக்காரு" என்றேன்.